தாய்மார்களின் ரத்தம்: கேட்க மறந்த கேள்வி

ரத்த தானம் செய்ய வரும் பெண்ணிடம், அண்மையில் குழந்தை பெற்றவரா என்று கேட்கிறார்கள். தேசிய ரத்த மாற்றுக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பிரசவமாகி 12 மாதங்களோ கருச்சிதைவுக்குப் பின் 6 மாதங்களோ ஆகாதவர்களிடமும், பாலூட்டும் தாய்மார்களிடமும் ரத்தம் பெறக் கூடாது. நியாயமான விதிதான். ஆனால் அது காப்பது கொடுப்பவரை, பெறுபவரை அல்ல.

கருவுக்குத் தந்தைவழி வரும் வெள்ளையணுக் கூறுகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் தாயின் உடலில் உருவாகக் கூடும். கருத்தரிப்புகள் கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடும். ஆண்டுகள் பல கடந்தும் அவை தாயின் பிளாஸ்மாவில் தங்கியிருக்கலாம். அவருக்கு அவற்றால் தீங்கில்லை. அந்தப் பிளாஸ்மா ஏற்றப்படும் நோயாளிக்கோ, அரிதாக, சில மணி நேரத்திலேயே நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து நேரும். இதை உணர்ந்துதான் பிரிட்டன் 2003 முதல் பெரும்பாலும் ஆண்களின் பிளாஸ்மாவையே நோயாளிகளுக்கு வழங்கத் தொடங்கியது. அங்கு இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

அதற்காகத் தாய்மார்களின் ரத்தமே ஆகாது என்று முடிவு கட்டுவது அறியாமை. கருவுற்ற பெண்களின் ரத்தம் பெற்ற ஆண்களிடையே இறப்பு அதிகம் என நெதர்லாந்து ஆய்வொன்று 2017-இல் கூறியது உண்மை. ஆனால் கனடாவில் 8,719 நோயாளிகளிடம் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வில், ஆண்களின் சிவப்பணுக்களைப் பெற்றவர்களுக்கும் பெண்களின் சிவப்பணுக்களைப் பெற்றவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இங்கோ, தானம் செய்ய ஆணுக்கும் பெண்ணுக்கும் 12.5 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கொடுக்க முன்வந்தும் திரும்பிச் செல்லும் பெண்கள் ஏராளம். தேறி வருபவரையும் வீண் அச்சத்தால் விலக்குவது எப்படித் தகும்?

வாழ்நாளில் எப்போதேனும் கருவுற்றிருக்கிறாரா என்ற கேள்வி நாடெங்கும் எல்லாத் தானப் படிவங்களிலும் கட்டாயமாக வேண்டும். ஆம் என்றால், சிவப்பணுக்களை நோயாளிக்குத் தரலாம். பிளாஸ்மாவை மருந்து தயாரிப்புக்கு அனுப்பலாம். பலரது பிளாஸ்மா ஒன்றாகக் கலக்கும்போது எதிர்ப்பொருள்களின் வீரியம் குறைந்துவிடும். ரத்தம் ஏற்றுவதால் நேரும் பாதிப்புகளை 2012 முதல் பதிவு செய்துவரும் தேசியக் கண்காணிப்புத் திட்டத்திலும் இவ்விவரம் இடம்பெற வேண்டும்.

இதற்கெல்லாம் ரத்தத்தைப் பகுத்துப் பிரிக்கும் வசதி தேவை. அது இல்லாத ரத்த வங்கிகளில் முழு ரத்தமே நோயாளிக்கு ஏறுகிறது; பிளாஸ்மாவும் உடன் செல்கிறது. அந்த வங்கிகளுக்கு முதலில் கருவிகளைத் தர மத்திய, மாநில அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும்.