யாருடைய மானம்?

கேரளத்தின் அதியன்னூர் பக்கத்துக் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை எதற்கு, அது குடும்பப் பெண்களைச் சந்தேகிப்பதல்லவா என்று பொங்கி எழுதியிருக்கிறார் ஒருவர். மானம், மரபு, மாண்பு எல்லாம் வரிசைகட்டி வரும் அந்தக் கட்டுரையில் வயிற்றிலிருக்கும் பிள்ளை மட்டும் ஓரிடத்திலும் வரவில்லை.

குடும்பப் பெண்ணுக்கு இந்நோய் எப்படி வரும் என்று கேட்கிறார். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணி எந்த ஒழுக்கத்தை மீறினார்? சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தத்தில் கிருமி இருந்தது. கொடுத்த இளைஞரே வந்து சொன்னதால்தான் விஷயம் வெளிப்பட்டது. உடனே சிகிச்சை தொடங்கினார்கள், குழந்தை தப்பியது. அது விதிவிலக்கு என்பாரானால் விதியையும் கேட்டுக்கொள்ளட்டும்: இந்நாட்டில் தொற்றுக்கு ஆளான மனைவியரில் பெரும்பாலோருக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் தாலி கட்டியவன்தான். அப்படியானால் பரிசோதனையில் வெளுக்கப்போவது யாருடைய சாயம், கட்டுரையாளர் பதறுவது யாருக்காக?

தொற்று அரிதான ஊரில் எல்லோரையும் ஏன் சோதிக்க வேண்டும், சந்தேகமுள்ளவர்களைச் சோதித்தால் போதாதா என்பது அடுத்த வாதம். சந்தேகமே அவமானம் என்று மேல் பத்தியில் முழங்கியவர் கீழ்ப் பத்தியில் சந்தேகப் பட்டியல் கேட்கிறார்! எல்லோருக்கும் செய்யும்போது யார்மேலும் முத்திரை விழாது என்பது இவருக்கு எட்டவில்லையா? சிகிச்சையில்லாவிட்டால் தொற்றுள்ள தாய்மார் நூறு பேரில் 15 முதல் 45 பேரின் பிள்ளைகளுக்குக் கிருமி தொற்றலாம். மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். நம்மைவிடத் தொற்று குறைந்த இலங்கை, கர்ப்பிணிகளை விடாமல் சோதித்துத்தான் தாய்வழித் தொற்றை ஒழித்ததாக 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் பெற்றது.

சம்மதம் வேண்டும் என்கிறார். வேண்டும்தான், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் அதைத்தான் சொல்கிறது. கேட்காமல் ஊசி குத்தும் இடம் எதுவானாலும் எதிர்க்க நானும் வருகிறேன். ஆனால் முடிவை முதலில் கணவனிடம் சொல்ல வேண்டுமென்று கடைசிப் பத்தியில் நுழைக்கிறாரே, அங்கேதான் பூனைக்குட்டி வெளியே வருகிறது. மனைவிக்கு அடி விழுமென்று அஞ்ச இடமிருந்தால் கணவனுக்குத் தெரிவிக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். ஜோதிஸ் எனப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில் ஆலோசகர் முன் தனியாக உட்கார்ந்து தன் உடம்பைப் பற்றி ஒரு பெண் முதலில் தானே அறிந்துகொள்வதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை.

இவருக்கு உண்மையிலேயே அக்கறையிருந்தால் கேட்க வேண்டியது வேறு. சாத்தூரில் டிசம்பரில் ஏறிய கிருமியைத் தொடக்க மாதச் சோதனை எப்படிக் காட்டியிருக்கும்? தலைப்பிரசவத்துக்குக் களியக்காவிளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுத் தாய்வீடு போகும் நம் பெண்ணின் அட்டையில் முதல் சோதனை மட்டும் இருந்தால் போதாது. பேறுகாலம் நெருங்கும்போது இன்னொரு முறை, எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும், சோதித்தாக வேண்டும். அதைக் கேட்டு எழுதட்டும், வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன்.