ஊசி இல்லாத ஊசிக்கு யார் கடன் கொடுப்பது?

தீபாவளிக்கு லட்சுமி வெடி மேல் சிரட்டையைக் கவிழ்த்துப் பற்ற வைத்தவர்கள்தானே நாம் எல்லோரும்? சிரட்டை மாடி உயரம் போகும். அதே விளையாட்டை விஞ்ஞானிகள் லேசரை வைத்து ஆடுகிறார்கள். நான் வெறும் பி.காம்., அதனால் எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

சில நானோ நொடிகளே நீடிக்கும் லேசர் துடிப்பு ஒன்றை, நம் வீட்டுக்கு பிராட்பேண்ட் வருகிறதே, அந்த மாதிரிக் கண்ணாடி இழை வழியாக அனுப்பி மெல்லிய அலுமினியப் படலத்தின் அடியில் விழ வைக்கிறார்கள். அடிப்பக்கம் பிளாஸ்மாவாக மாறும். வெளியேற வழியில்லாமல் அது மீதிப் படலத்தைத் தள்ள, படலம் நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ், சாண்டியா ஆய்வுக்கூடங்களில் இது வெடிமருந்தைத் தூண்டுவதற்கு. மின்கம்பி இல்லாததால் மின்னல் அடித்தாலும் தப்பித்தவறி வெடிக்காது.

எனக்குப் பிடித்தது இதன் சாதுவான தம்பி. தகட்டைப் பறக்க விடாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் மருந்துத் துகள்களை வைத்தால்? அதிர்வலை தகட்டை உதற, துகள் மட்டும் பாய்ந்து தோலுக்குள் போய்விடும். ஊசியே வேண்டாம். விரேன் மெனேசஸ், ஜப்பானின் டகாயாமா, நம் பெங்களூர் டாடா இன்ஸ்டிடியூட் (அதாங்க, இந்திய அறிவியல் கழகம்) ஜி. ஜகதீஷ் எல்லாம் சேர்ந்து 2005-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். 2011-ல் ஜகதீஷும் அதே கழகத்தின் தீப்ஷிகா சக்ரவர்த்தியும், லேசருக்குப் பதில் துளி வெடிமருந்தின் அதிர்வலையால் மெல்லிய தகட்டை உந்தி, எலிகளுக்கு சால்மோனெல்லா தடுப்பு மருந்தை ஊசியில்லாமல் செலுத்திக் காட்டினார்கள். மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்தில்தான் எல்லாம் நடந்தது.

அப்புறம் 2021 வந்தது. சைடஸின் ஊசியில்லாக் கொரோனா தடுப்பூசி சைகோவ்-டிக்கு ஆகஸ்ட்டில் அவசர அனுமதி கிடைத்தது. நவம்பரில் மத்திய அரசு 1 கோடி டோஸ் ஆர்டர் கொடுத்தது. டோஸுக்கு 265 ரூபாய், செலுத்தும் கருவிக்குத் தனியாக 93 ரூபாய், ஜிஎஸ்டி நீங்கலாக. கால்குலேட்டர் இல்லாமலே போடலாம்: கருவிக்கு மட்டும் 93 கோடி. அந்தக் கருவி ஸ்பிரிங் விசையில் இயங்கும் அமெரிக்க பார்மாஜெட் கம்பெனியின் தொழில்நுட்பம். பத்து வருஷம் முன்னாலேயே எலியில் நிரூபித்த ஊர் வேடிக்கை பார்த்தது.

உடனே "பேங்க்காரன் கடன் கொடுக்க மாட்டான்" என்பீர்கள். கொடுக்க மாட்டோம்தான், கொடுக்கவும் கூடாது! அது உங்கள் அப்பாவின் பென்ஷன் டெபாசிட். எலியில் ஜெயித்தது மனிதனில் ஜெயிக்குமா என்று பந்தயம் கட்டுவது எங்கள் வேலை இல்லை. அதற்கு மானியம் இருக்கிறது. பைராக் அமைப்பு ஆரம்ப கட்டத்துக்கு 50 லட்சம் வரை தருகிறது. ஆனால் மனிதர்களிடம் சோதனை, தொழிற்சாலை, அனுமதி என்று போகும்போது 50 லட்சம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நான் கேட்பது வேறு. 2021-ல் கொடுத்த ஆர்டரை அரசு முன்கூட்டியே கொடுத்திருக்கலாம். "சோதனைகளில் தேறினால் இத்தனை லட்சம் கருவி, இந்த விலைக்கு வாங்குகிறோம்" என்று ஒரே ஒரு கடிதம். தேறாவிட்டால் அரசுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. சோதனைக் கட்டத்துக்கு முதலீட்டாளர் துணிந்து வருவார். தேறிய மறுநாள் அதே கடிதத்தை வைத்து தொழிற்சாலைக்கு நாங்கள் கடன் போடுவோம். பனியன் கம்பெனிகளுக்கு எக்ஸ்போர்ட் ஆர்டரைப் பார்த்துக் கடன் கொடுக்கிறோமே, திருப்பூரே அப்படித்தானே ஓடுகிறது? அங்கே ஆர்டர் கொடுப்பவன் வெளிநாட்டுக்காரன். இங்கே டெல்லி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் :-)

இந்த ஊரில் தடுப்பூசி நாளன்று ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறீர்களா? உள்ளே ஒரு குழந்தை வீறிட்டால் வெளியே பத்தும் சேர்ந்து அழும். தமிழ், கன்னடம், இந்தி என்று எல்லா அம்மாக்களும் ஒரே சமாதானம்தான் சொல்வார்கள், "வலிக்காதுடா செல்லம்" என்று.