“நமக்குள்ள என்ன மாப்ள, எழுத்து?”

வேடசந்தூரைச் சுற்றி நூல் மில்களுக்குக் குறைவில்லை. மில்லில் பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் சொந்தத் தொழில் ஆசை வருவது சகஜம். அப்படி ஒரு மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து மஞ்சப்பை தைக்கும் யூனிட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மச்சான் போடுவது 16 லட்சம். மாப்பிள்ளை போடுவது 4 லட்சம்தான், ஆனால் தினசரி வேலை முழுக்க அவர் தலையில்.

சாதாரண பார்ட்னர்ஷிப்பில் தொழில் கடன் மூழ்கினால் இருவரின் சொந்த வீடு வரைக்கும் கை வைக்கலாம். அதனால்தான் 2008-ம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த எல்.எல்.பி-யைப் பலரும் நாடுகிறார்கள். இதில் தொழிலின் கடனுக்குப் பொறுப்பு பொதுவாகப் போட்ட முதலோடு நிற்கும். (பேங்க் லோனுக்கு நீங்களே ஜாமீன் கையெழுத்து போட்டால் அந்தப் பாதுகாப்பு அங்கே செல்லாது. கையெழுத்துக்கு முன்னால் வக்கீலிடம் காட்டுங்கள்.)

பதிவு ஆன்லைனில்தான். வேடசந்தூரில் இருந்து அனுப்பும் விண்ணப்பத்தையும் ஹரியானாவின் மானேசரில் உள்ள மத்தியப் பதிவு மையம்தான் பார்க்கிறது. அப்புறம் எதற்கு வக்கீல்? நிறுவனத்தை உருவாக்க உதவிய வக்கீல், ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுன்டன்ட் இவர்களில் ஒருவர் சட்டப்படி உறுதிமொழி தர வேண்டும். அதற்கு ஆடிட்டரே போதும்.

வக்கீல் தேவைப்படுவது அடுத்த கட்டத்தில். பதிவான 30 நாளுக்குள் பார்ட்னர்கள் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இங்கேதான் “நமக்குள்ள என்ன மாப்ள, எழுத்து?” என்று மச்சான் சொல்வார். அல்லது எங்கோ கிடைத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள்.

ஒப்பந்தம் பேசாத இடத்தில் சட்டத்தின் முதல் அட்டவணை பேசும். அதன்படி முதல், லாபம், நஷ்டம் மூன்றிலும் எல்லோருக்கும் சம பங்கு. 16 லட்சமும் 4 லட்சமும் ஒன்றுதான்! மாப்பிள்ளை ராத்திரி பகலாக உழைத்தாலும் சம்பளம் கேட்க முடியாது. ஆளுக்கு ஒரு ஓட்டு, பெரும்பான்மை முடிவு. இரண்டே பேர் என்றால், சண்டை வந்த அன்று முடிவே கிடையாது.

ஒருவர் இறந்துபோனால்? அவர் முதலும் சேர்ந்த லாபத்தில் பங்கும் வாரிசுகளுக்கு உண்டு. ஆனால், அதை யார் மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் கொடுப்பது என்று எழுதி வைக்காவிட்டால், தங்கச்சி அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நல்ல வக்கீலை எங்கே தேடுவது? விளம்பரத்தில் வேண்டாம். பார் கவுன்சில் விதிப்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் ஆன்லைன் தளங்கள் வழியே ஆள் பிடிப்பதைக் கண்டித்தது. ஏற்கெனவே தொழில் நடத்துபவர்களிடம் விசாரியுங்கள். அரசுக் கட்டணம் தனியாக, ஃபீஸ் தனியாக எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு பை கூட விற்காத வருஷத்திலும் மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8 தாக்கல் செய்ய வேண்டும். அது யார் பொறுப்பு, அதற்கு எவ்வளவு என்று.