ஒரு மாமனார், இரண்டு ரிப்போர்ட்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: “மாமனாருக்கு வயது 74. மூன்று மாதம் ஒரே அரிப்பு. பிறகு தொடையிலும் வயிற்றிலும் திராட்சை மாதிரிக் கொப்புளங்கள். அக்கி என்று நினைத்துக் காவியால் எழுதியும் பார்த்தோம். பாலம் தாண்டித் திருச்சி டாக்டரிடம் போனோம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, ரத்தமும் எடுத்தார். ஒரு ரிப்போர்ட்டில் நோய் ‘இல்லை’, மற்றொன்றில் ‘உண்டு’. மாத்திரையை நிறுத்திவிடலாமா?”

வேண்டாம், அம்மா! அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில்தான் பட்டையாக வரும். இது வேறு. மேல்தோலையும் அடித்தோலையும் ஒட்டவைக்கும் பசையை உடம்பின் காவல்படையே எதிரியென்று தாக்குகிறது. புல்லஸ் பெம்பிகாய்டு என்று பெயர். ஒட்டுவாரொட்டி அல்ல; பேரக் குழந்தைகள் தாத்தாவிடம் தாராளமாகப் போகலாம்.

‘இல்லை’ என்றது எலைசா சோதனை. அதன் தட்டில் பசையின் ஒரு துண்டுதான் பூசியிருக்கும். மாமனாரின் ரத்தம் வேறு துண்டைத் தாக்கினால் எலைசாவுக்குத் தெரியாது. வாசலில் மட்டும் காவல் இருந்தால் கொல்லைப்புறத் திருடன் அகப்படுவானா?

‘உண்டு’ என்றது ஒளிரும் சோதனை. 1967-ல் அமெரிக்காவில் ஜோர்டன், பியூட்னர் குழுவினர் இந்த நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தது இவ்வழியில்தான். இப்போது தோலை உப்புக் கரைசலில் ஊறப்போடுகிறார்கள். நம் அடுப்பங்கரை உப்பேதான்! தோல் இரண்டாகப் பிரிகிறது. அதன்மேல் நோயாளியின் சீரத்தை விட்டுச் சாயம் சேர்த்தால் பச்சையாக ஒளிரும். மேல்பக்கம் ஒளிர்ந்தால் பெரும்பாலும் பெம்பிகாய்டு. அடிப்பக்கமானால் எளிதில் மசியாத வேறு நோயாக இருக்கலாம். முழுத் தோலும் இருப்பதால் ஒரு துண்டை நம்பி ஏமாறுவதில்லை. ஆனால் பார்ப்பவர் கண் பழகியிருக்க வேண்டும்.

எலைசாவைத் தள்ளிவிடாதீர்கள். அதில் ‘உண்டு’ என்று வருகிறவர்களுக்கு, நோய் தணியத் தணிய எண்ணும் இறங்கும். ஒரே லாபில் எடுத்துப் பாருங்கள். கொப்புளமே இல்லாத கிழவர்களுக்கும் சில சமயம் கொஞ்சம் ஏறியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருவர் வழக்கையும் தீர்ப்பது தோல் துண்டுதான். கொப்புளத்தின் ஓரத்துத் தோலாக எடுக்க வேண்டும். அதைப் பார்மலினில் போட்டால் ஒளிரும் சோதனை பாழ்! தனித் திரவம் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாமனாருக்கு நீரிழிவு உண்டா? ‘கிளிப்டின்’ என்று பெயர் முடியும் மாத்திரை சிலருக்கு இந்த நோயைக் கிளப்பிவிடுகிறது. நீங்களாக நிறுத்தாமல், மருந்துச் சீட்டைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.