ஊர் மாறும் பிள்ளையும் ஊர் மாறாத பாடமும்

பள்ளிக்கூடத்திற்காகப் பிள்ளையா, பிள்ளைக்காகப் பள்ளிக்கூடமா என்று கேட்டால், பிள்ளைக்காகத்தான் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் காரியத்தில் நடப்பது என்ன?

ஒடிஸாவிலிருந்து பருவந்தோறும் குடும்பத்தோடு தமிழ்நாட்டுச் செங்கல் சூளைக்கு வந்து, மழைக்கு முன் ஊர் திரும்பும் கூலிக்காரன் வீட்டில் ஆட்டிசமுள்ள பிள்ளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பாஷை, பள்ளியில் வேறு பாஷை. சில மாதத்திற்கொரு இடம். தினமும் ஒரே ஒழுங்கில் நடந்தால்தான் மனம் அமைதிப்படும் பிள்ளைக்கு, ஒழுங்கென்பதே கிடையாது. இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழுதால், அடங்காத பிள்ளை என்கிறார் உபாத்தியாயர். போன ஜன்மத்துப் பாவம் என்கிறார் ஒருவர். வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய் ஏடு பார் என்கிறார் மற்றொருவர்.

தோழர்களே! இதில் பாவம் எங்கே வந்தது? 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைக் கவனித்து இந்நிலையை விவரித்து எழுதினார். பின்னர் சில மேதாவிகள், தாய்க்கு அன்பில்லாததே காரணமென்று பழியைப் பெண்கள் தலையில் போட்டார்கள். 1977-ல் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி, இதில் மரபுக்குப் பெரும் பங்குண்டு என்று காட்டிற்று. ஆகவே இது விதியுமல்ல, தாயின் குற்றமுமல்ல. மூளை வளரும் விதத்திலுள்ள வேற்றுமை.

இரண்டு பாஷை பேசினால் பிள்ளை குழம்பும், வீட்டுப் பாஷையை நிறுத்து என்றும் சிலர் புத்தி சொல்கிறார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் அப்படியொரு கேட்டைக் காணவில்லை. தாயின் பாஷையையும் பிடுங்கிவிட்டால் அப்பிள்ளையோடு பேசுவது யார்?

சட்டம் இல்லாமலில்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமென்று பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம். பாடத்தையும் பரீட்சையையும் பிள்ளைக்குத் தக்கபடி மாற்றவும், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்களிக்கவும் சொல்கிறது 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஊனச் சான்றிதழ் நாடெங்கும் செல்லும் என்றும் சொல்கிறது. அதாவது, பிள்ளைக்குக் குறையுண்டு என்ற சீட்டு எங்கும் செல்லும். அது எதைக் கற்றது, எப்படிச் சொன்னால் விளங்கிக்கொள்கிறது என்ற விவரம் மட்டும் பள்ளி வாசலோடு நின்றுவிடும்! இது என்ன நியாயம்?

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. பிள்ளையோடு ஒரு நோட்டுப் புஸ்தகம் போகட்டும். எந்தப் பாஷையில் எந்தச் சொல் தெரியும், எந்தச் சத்தம் பயமூட்டும், முடித்த பாடம் எது, அடுத்தது எது என்று அதில் எழுதியிருக்கட்டும். அன்றாட வேலைகள் படமாக வரிசைப்படுத்தி ஒட்டியிருக்கட்டும். ஊர் மாறினாலும் படம் மாறாதல்லவா? பாடத்தையும் வருஷக் கணக்கில் அளக்காமல் வாரக் கணக்கில் சிறு படிகளாக வகுக்கட்டும். சூளைக்காரன் பிள்ளைக்குச் செங்கல் எண்ணத் தெரிந்தால் போதும் என்று நாம் சொல்லவில்லை. படி சிறிதாயிருக்கலாம், எட்டும் உயரம் குறையக்கூடாது.

பணம் ஏது என்பார்கள். ஒரு நோட்டுப் புஸ்தகம் என்ன விலை? 1929-ல் தோன்றிய அண்ணாமலை நகர்ச் சர்வகலாசாலையில் மொழியியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்வித்துறையும் இருக்கிறது. இவ்விருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் தமிழும் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் சேர்ந்த படச்சொல் ஏடு ஒன்று தயாராகாதா? ஓலை ஏட்டில் பிள்ளையின் தலையெழுத்தைத் தேடுகிற நாட்டில், பிள்ளை கற்க ஒரு காகித ஏடு எழுத முடியாதென்றால், குறை பிள்ளையிடமா, நம்மிடமா என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.