சிறுவர்க்கு இது போதுமா?

"சிறுவர்களுக்குத்தானே, இவ்வளவு போதும்" என்றொரு சொல் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அரைகுறையாக ஒத்திகை பார்த்த நாடகத்தைப் பள்ளி மேடையில் ஏற்றுபவர் இதனைச் சொல்கிறார். எழுத்துப்பிழை மலிந்த கதைப் புத்தகத்தை அச்சிட்டு விற்பவர் சொல்கிறார். பெரியவர்களுக்கென எழுதிக் கைகூடாத கதையைச் சிறிது சுருக்கிச் சிறுவர் பகுதிக்கு அனுப்பி வைக்கும் எழுத்தாளரும் சொல்கிறார். பெரும்பொருள் புரளும் ஹொலிவூட்டும் இச்சொல்லுக்கு விலக்கன்று. அங்கே பிறந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, இந்தப் 'போதும்' என்ற சொல்லின் விலை என்ன என்பதை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

அமெரிக்கரான ஜோர்ஜ் லூக்காஸ் 1977 ஆம் ஆண்டில் 'ஸ்டார் வோர்ஸ்' என்னும் விண்வெளிக் கதையைத் திரைக்குக் கொணர்ந்தார். அதன் தொடர்ச்சியாக 1983 இல் 'ரிட்டர்ன் ஒஃப் த ஜெடை' வெளிவந்தது. அண்டத்தையே அடக்கியாளும் ஒரு பேரரசு, என்டோர் என்னும் காட்டு நிலவில் தன் படையை நிறுத்தியிருக்கிறது. அக்காட்டில் வாழும் ஈவோக் என்னும் குறுகிய உருவமுடைய, உடலெல்லாம் மயிரடர்ந்த மக்கள் கல்லாலும் தடியாலும் உருட்டிவிட்ட மரங்களாலும் அப்படையை முறியடிக்கின்றனர். இம்மக்களையே கதைத் தலைவர்களாக்கிச் சிறுவர்களுக்கெனத் தொலைக்காட்சிப் படமொன்று ஆக்கப்பெற்றது. 'கரவன் ஒஃப் கரேஜ்' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி அதனை 1984 நவம்பர் 25 ஆம் நாள் ஒளிபரப்பியது. வேறு சில நாடுகளில் அது திரையரங்குகளிலும் காட்டப்பட்டது. 2021 முதல் இணையவழியிலும் கிடைக்கத் தொடங்கியதால், அக்காலத்தில் அதனைக் காண வாய்ப்பில்லாத நம் ஊர்ச் சிறுவர்களும் இப்பொழுது காண்கின்றனர்.

கதை எளியது. விண்கலம் ஒன்று என்டோர்க் காட்டில் விழுந்து நொறுங்குகிறது. அதில் வந்த தாயையும் தந்தையையும் கோராக்ஸ் என்னும் அரக்கன் கவர்ந்து செல்கிறான். தனித்து விடப்பட்ட அண்ணனையும் தங்கையையும் ஈவோக்குகள் கண்டெடுத்து ஆதரிக்கின்றனர். பிறகு எல்லோருமாக ஓர் அணியாய்ப் புறப்பட்டு, வழியில் பல இடர்களைக் கடந்து, அரக்கனை வென்று பெற்றோரை மீட்கின்றனர். விருந்தோடு படம் முடிகிறது.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும் அரக்கனும் மீட்சியும் உண்டு. ஆனால் ஈவோக்குகள் எதற்காகப் பிறந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் குறை விளங்கும். வியட்நாம் போரில் உலகின் மிக வலிய படையை எதிர்த்து நின்ற எளிய மக்களை மனத்திற் கொண்டே அவர்களைப் படைத்ததாக லூக்காஸ் பின்னாளிற் கூறியிருக்கிறார். மூலப்படத்தில் அந்தச் சிறிய உருவங்களுக்குப் பெருமை தந்தது அவர்களது மென்மயிரன்று. எதிரே நின்ற பேரரசுதான். பெரியதன் எதிரே சிறியது நிமிர்ந்து நின்றமையே அக்கதையின் உயிர். தொலைக்காட்சிப் படத்திலோ பேரரசே இல்லை. உயிரை நீக்கிவிட்டு மயிரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதனை எழுதுகிறபடியால் இக்குறை எனக்குச் சற்று மிகுதியாகவே உறைக்கிறது. இந்தத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் மாறிமாறி வந்தனர். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் 1957 வரை இங்கிருந்தது. அவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாக் காட்டினுள், மரங்களுக்கிடையே வரிசை வரிசையாக இன்னும் நிற்கின்றன. காட்டுக்குள் வந்திறங்கிய பேரரசின் இரும்பு எப்படியிருக்கும் என்பதற்கு நம் ஊர்ச் சிறுவனுக்குப் படம் தேவையில்லை. பாடசாலை விட்டு வரும் வழியிலேயே அதனைக் காணலாம். 'ரிட்டர்ன் ஒஃப் த ஜெடை' வெளிவந்த 1983 ஆம் ஆண்டின் ஆடி மாதத்தை இவ்வூர் எவ்வாறு கடந்தது என்பதையும் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. பெரும்படை என்றால் என்ன, பதுங்குதல் என்றால் என்ன, பெற்றோரை இழத்தல் என்றால் என்ன என்பவை இங்கே கதைப் பொருள்களாக மட்டும் இருந்தவையல்ல.

துறைமுகத்தை அடுத்த ஒரு வீட்டில், அயற்சிறுவர் சிலரோடு இப்படத்தைப் பார்த்தேன். அவர்கள் முன்னைய படங்களையும் அறிந்தவர்கள். பாதிப் படம் கடந்ததும் அவர்களுள் ஒருவன், "மாமா, அந்தப் பெரிய கப்பல் எப்ப வரும்?" என்று கேட்டான். வராது என்றேன். "அப்ப இவங்கள் ஆரோட சண்டை பிடிக்கப் போறாங்கள்?" என்றான். திறனாய்வாளர் பக்கம் பக்கமாக எழுதக்கூடியதை ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு கேள்விகளில் முடித்துவிட்டான்.

படத்தின் பிற குறைகளும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. புறப்படும்பொழுதே ஈவோக் மந்திரவாதி பயணிகளுக்கு அருளுடைய பொருள்களை வழங்கிவிடுகிறான். ஆபத்து வரும்போது அறிவும் துணிவும் செய்ய வேண்டிய வேலையை அப்பொருள்கள் செய்து கொடுக்கின்றன. திரையில் நம் கண்முன்னே நடப்பதையே ஒரு குரல் பின்னணியிலிருந்து விளக்கிக்கொண்டு வருகிறது; சிறுவன் தானாகக் கண்டு மகிழ எதுவும் எஞ்சுவதில்லை. அரக்கனோடு பொருதும்போது உடன்வந்த விறகுவெட்டி உயிர் துறக்கிறான். அவனுக்காகப் படம் சில கணங்களே நின்று, பின்னர் விருந்துக்கு விரைந்து விடுகிறது. சிறுவர் துயரத்தைத் தாங்க மாட்டார் என்ற எண்ணம் போலும். உண்மையில், தாங்க மாட்டாதவர்கள் பெரும்பாலும் நாம்தாம். செத்த அணிற்குஞ்சைப் புதைத்து, மேலே பூவைத்து, மறுநாளும் சென்று பார்ப்பவர்கள் அவர்கள்.

நடுநிலை வழுவாது சொல்வதானால், இப்படத்தை ஆக்கியவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். இயக்கிய ஜோன் கோர்ட்டி ஒஸ்கார் விருதும் எம்மி விருதும் முன்னரே பெற்றிருந்தவர். இப்படத்தின் காட்சி நுட்பங்களுக்கும் எம்மி விருது கிடைத்தது. கலிபோர்னியாவின் வானளாவிய செம்மரக் காடுகள் கண்ணுக்கு விருந்தாகின்றன. விக்கெட் என்னும் ஈவோக் சிறுவனாக, முகமூடிக்குள் இருந்துகொண்டே உடலசைவால் நம்மைக் கவர்கிறார் வோர்விக் டேவிஸ். அடுத்த ஆண்டில் வந்த இரண்டாம் படம், முதற்படத்தில் மீட்ட குடும்பத்தையே தொடக்கத்தில் பறித்துவிட்டுச் சிறுமியைத் தனியே நிறுத்தும் துணிவையாவது காட்டிற்று. ஆகவே கை குறைந்ததனால் வந்த குறையன்று இது. அளவுகோல் குறைந்ததனால் வந்தது. இத்தனை திறமையும் 'சிறுவர்க்கு இது போதும்' என்ற கோட்டோடு நின்றுவிட்டது என்பதே வருத்தம்.

ஒரு பெருங்கதையிலிருந்து சிறு கதை ஒன்றைப் பிரித்தெடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்லத் தமிழனுக்கு உரிமையுமில்லை. நாம் கிளைக்கதைகளால் வளர்ந்த மக்கள். வியாசர் அறியாத அல்லியரசாணியையும் பவளக்கொடியையும் பாரதத்தின் கிளைகளாக வளர்த்து, ஏட்டிலும் கூத்திலும் பாடி வந்தவர்கள் நம் முன்னோர். 1957 இல் விஜயா நிறுவனத்தார் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'மாயா பஜார்' படமும் அத்தகைய கிளைக்கதையே. 1947 இல் 'அம்புலிமாமா'வைத் தொடங்கிய நாகி ரெட்டியும் சக்கரபாணியுமே அந்நிறுவனத்தையும் நடத்தியவர்கள் என்பது கருதத்தக்கது. கடோற்கசனின் மாயங்களைக் கண்டு மூன்று தலைமுறைச் சிறுவர் கைகொட்டிச் சிரித்திருக்கின்றனர். ஆனால் அச்சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது? சூதில் யாவற்றையும் இழந்து பாண்டவர் வறியராயினர். அதனால் முன்பு பேசிய திருமணத்தை உறவினரே முறிக்கின்றனர். செல்வம் போனால் சொந்தமும் போகும் என்ற பாரதத்தின் கசப்பு அந்த வேடிக்கையினுள்ளும் ஓடுகிறது. அடிமரத்தின் சாறு கிளையின் நுனிவரை ஏறியிருக்கிறது. அதனாலேயே அது வாடவில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? கோணேசர் மலையில் நிற்கும் இராவணன் வெட்டைப் பாருங்கள். அடியார் கூட்டத்தோடு வரும் எந்தப் பிள்ளையும் அப்பிளவின் விளிம்பில் நின்று கீழே கடலை எட்டிப் பார்க்காமல் போவதில்லை. தாயின் வழிபாட்டுக்காக இம்மலையையே பெயர்த்துச் செல்ல முயன்ற இராவணன் வாளால் வெட்டிய இடம் அது என்பது நம் ஊர்க் கதை. தாய் இறந்தாள் எனக் கேட்டு, அவளுக்கு ஈமக்கடன் ஆற்றுதற்கு உண்டானவையே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது அதன் தொடர்ச்சி. இராமகாதையின் பெருமரத்தில் இது ஒரு சிறு கிளை. ஆயினும் என்ன செய்கிறது பாருங்கள்! உலகமே அரக்கன் என்று ஒதுக்கியவனைத் தாய்க்காக ஏங்கும் ஒரு மகனாக நம்முன் நிறுத்துகிறது. அக்கதையைக் கேட்ட பிள்ளை இராமகாதைக்குத் திரும்பிச் செல்லும்பொழுது, பழைய இராவணனை அங்கே காண்பதில்லை. கிளையால் அடிமரமே பெருத்துவிடுகிறது. நல்ல கிளைக்கதைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேறில்லை.

விஞ்ஞானக் கதைக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 இல் மறைந்த ஆதர் சி. கிளார்க் இம்மலையடிக் கடலில் மூழ்கித் திரிந்தவர். இளையோர்க்கென அவர் 1963 இல் எழுதிய 'டொல்பின் ஐலன்ட்' என்னும் நாவலில், டொல்பின்களால் காப்பாற்றப்பெற்று அவுஸ்திரேலியப் பவளத்திட்டுத் தீவொன்றை அடையும் சிறுவன் ஒருவன் வருகிறான். கடலின் இயல்பும் அதன் ஆபத்தும் அதில் நீர்த்துப் போகவில்லை. பெரியவர்களுக்கு எழுதும்போது கைக்கொண்ட அறிவியல் நேர்மையைச் சிறுவர்க்கு எழுதும்போதும் அவர் கைவிடவில்லை. சொல் எளிதாயிற்று, உண்மை குறையவில்லை. எளிமைக்கும் மலிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

"பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதானே பார்த்தார்கள், உமக்கென்ன?" என்று சிலர் கேட்பர். பசித்த பிள்ளை தவிட்டு ரொட்டியையும் தின்னும். அதனால் தவிடு அமுதாகிவிடாது. ஒன்றைச் சிறுவர் பொறுத்துக்கொண்டனர் என்பதற்கும் அது அவர்களிடம் தங்கிற்று என்பதற்கும் தூரம் மிகுதி. பத்து ஆண்டுகளின் பின் எக்கதை அவர்கள் வாயில் வருகிறது என்பதே உரைகல். இராவணன் வெட்டு வரும். கோராக்ஸ் வருவானா?

ஹொலிவூட் தன் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலென்ன என்று நாம் வாளாவிருக்கலாம். ஆனால் நாம் நம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கிறோம்? ரூபவாஹினி 1982 இல் தொடங்கிய பின், டைட்டஸ் தொட்டவத்த என்னும் திரைக்கலைஞர் பிறநாட்டுச் சித்திரப் படங்களைச் சிங்களத்தில் வழங்கினார். டொக்டர் டூலிட்டிலின் கதை 'தொஸ்தர ஹொந்தஹித' ஆயிற்று. உரையாடலைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், சிங்களச் சிறுவரின் வாய்மொழியிலும் பாட்டிலும் அவர் புதிதாக வார்த்தார். இரவற்சரக்கு சொந்தச் சொத்தாயிற்று. அன்று சிறுவராயிருந்தவர்கள் இன்று பெற்றோராகியும் அவற்றைச் சொல்லி மகிழ்கின்றனர். அதற்கு ஈடான பெயர் நம் நாட்டுத் தமிழ்த் தொலைக்காட்சியில் எழவில்லை. அங்கே குறைந்தது பணமன்று. பிள்ளைகளைப் பெரிதாக மதித்த ஓர் உழைப்பாளி.

ஆகவே ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் கூத்து அண்ணாவிமார்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. சிறுவர்க்கு ஒரு கதையைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இக்கதையில் உண்மையான எதிரி ஒருவன் உண்டா? இடரைக் கடப்பது பிள்ளையின் அறிவா, மந்திரப்பொருளா? இறந்தவனுக்காக அழ இடம் விட்டிருக்கிறோமா? இம்மூன்றுக்கும் விடை தேறினால், உருவம் மயிரடர்ந்ததாயினும் சரி, மண்பொம்மையாயினும் சரி, பிள்ளைகள் ஏற்றுக்கொள்வர்.

சீனக்குடாக் காட்டின் துருப்பிடித்த குதங்களுக்கிடையே நடக்கக்கூடிய சாகசக் கதை ஒன்று தமிழில் எழுதப்படுவதற்காகக் காத்திருக்கிறது. அதனை எழுத முன்வருபவர் 'போதும்' என்ற சொல்லை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வரட்டும்.