இருபது ரூபாய் தாளும் ஒரு வாழ்க்கையும்



இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, இருபது ரூபாய் பத்திரத்தாளில் ‘இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கிக்கொண்டு கணவனும் மனைவியும் பிரிந்துபோவது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. அதை விவாகரத்து என்றே பலரும் நம்புகிறார்கள். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி அந்தத் தாளால் திருமணம் முறியாது. (சில சமூகங்களில் வழிவழியாக வரும் அத்துவிடும் வழக்கத்தை இச்சட்டம் ஏற்கிறது, ஆனால் அப்படியொரு வழக்கம் உண்டென்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.) அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தவருக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். இரண்டாவதாக வந்த பெண்ணின் நிலை இன்னும் கொடுமை. கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான், சட்டத்தின் கண்ணில் தான் மனைவியே இல்லை என்பது அவளுக்குத் தெரியவருகிறது. இத்தகைய பத்திரங்களை எழுதித் தரக் கூடாதென்று மத்திய சட்ட அமைச்சகமே 2024-இல் நோட்டரிகளுக்கு அறிவுறுத்தியது.

பேசித் தீர்த்துக்கொள்வதைச் சட்டம் மறுக்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு அதற்கென்றே வந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுப் போடலாம். நகை, பணம், வீடு, பிள்ளை என எல்லாவற்றையும் ஒப்பந்தமாக எழுதி நீதிபதி முன் வைக்கலாம். மனுப் போட்டபின் உள்ள ஆறு மாதக் காத்திருப்பைக்கூடத் தக்க காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வரும்வரை மனம் மாறவும் இடமுண்டு. கோபத்தில் போட்ட கையெழுத்துக்கு இந்த அவகாசம் எவ்வளவு பெரிய காப்பு!

‘இனி ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கலங்கி நிற்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. கர்நாடகத்தில் 8,000 ரூபாய் பெற்றுக்கொண்டு அப்படி எழுதிக் கொடுத்த ஒரு மனைவி, பின்னர் வேறொரு சட்டத்தின்கீழ் பராமரிப்புக் கேட்டார். அந்த ஒப்பந்தம் அவர் உரிமையைத் தடுக்காது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதும் அப்படியே. பெற்றோர் என்ன எழுதிக்கொண்டாலும், பிள்ளையின் நலனைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும்.

ஆகவே பேசுங்கள், எழுதுங்கள். எழுதியதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்